அரிசியளவு இரும்பு

பழைய கோடரிகளை வாங்கி, துரு எடுத்து, புதுப் பிடி போட்டுச் சுவரில் மாட்டிவைப்பது செல்வதாசனின் பழக்கம். போன மாதம் வாங்கிய கோடரியைப் பார்க்க அருளப்பன் என்ற பெரியவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தார். அது செத்துப்போன தம்பியின் கோடரியாம். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அரிசியளவு இரும்புச் சில்லு.

"முப்பது வருசமா இது என் கால்ல கெடந்துச்சு. இப்பதான் ஆபரேசன்ல எடுத்தாங்க. நாலு பேரு மரம் வெட்டிட்டிருந்தோம். தம்பி கோடரியிலேருந்துதான் தெறிச்சுதுன்னேன். அவன் இல்லன்னு சத்தியம் பண்ணான். நான் நம்பல. அதோட பேச்சுவார்த்தை இல்ல."

செல்வதாசன் கோடரியை எடுத்துக் கொடுத்தான். பெரியவர் அதன் கூர்வாயில் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். விரலில் எங்கும் தட்டவில்லை. மறுபடியும் ஓட்டினார்.

"நெசத்தத்தான் சொல்லியிருக்கான்" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூர்வாயில் இருந்த சின்னப் பள்ளம் மறையும்வரை செல்வதாசன் அன்று காலையில்தான் இரண்டு மணிநேரம் தேய்த்திருந்தான். சாணைக்கல் இன்னும் ஈரமாக இருந்தது. அதைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான்.