வெறும் நீலம்

புது இயந்திரம் வந்த பிறகு சளிப் பரிசோதனைக்கு யாரும் மைக்ரோஸ்கோப்பைத் தொடுவதில்லை. காசநோய்க் கிருமி உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஜன்னலோரத்துப் பழைய மைக்ரோஸ்கோப்பை ரூபவதி தினமும் துடைத்துவைப்பாள். துடைக்கும்போதெல்லாம் வேலாண்டி நினைவுக்கு வருவார். இயந்திரம் வருவதற்கு முன்னால் வந்தவர்; எச்.ஐ.வி. இருந்தவர். இருமிக்கொண்டே, நானும் பார்க்கட்டுமா என்று கேட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் கீற்றாகத் தெரியும். "வெறும் நீலம்தான் மேடம்" என்று சிரித்தார். இல்லை என்றே இவளும் எழுதிக் கொடுத்தாள். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

இன்று அவர் மனைவி செவ்வந்தி வந்திருந்தாள். அவளுக்கும் எச்.ஐ.வி.; அதே இருமல். இயந்திரம் கிருமி உண்டு என்றது.

"பயப்படாதீங்கம்மா, மாத்திரையில சரியாயிரும்."

"நானும் அதுல பாக்கட்டுமா மேடம்? அழகா இருந்துச்சுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

ரூபவதிக்கு மறுக்க மனம் வரவில்லை. மிச்சமிருந்த சளியை ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றிக் காயவைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

செவ்வந்தி வெகுநேரம் பார்த்தாள். "வெறும் நீலமா இருக்கே. எனக்கு இருக்குன்னீங்களே?"

"இருக்கும்மா. எச்.ஐ.வி. இருக்கிற உடம்புல கிருமி சளியில கொஞ்சமாத்தான் வரும். இதுல சிக்காது, மெஷின்லதான் சிக்கும்."

செவ்வந்தி கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

ரூபவதி குனிந்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விழும்படி அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பினாள்.