கைகளால் ஆன கடைத்தெரு

ஊரின் பழைய கண்ணாடிக்கூரைக் கடைத்தெருவை நினைத்து அமைத்த ஸ்கொட்லாந்து நடனம் அது. ஆடுபவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, கைகளை உயர்த்திக் கோத்துக் கூரையாக்குவார்கள். ஒரு ஜோடி அதற்குள் புகுந்து மறுமுனையில் வெளியே வரவேண்டும். அன்று நடன மண்டபத்தில் தர்மினியும் அவள் கணவன் கேதீசும் புகுந்தார்கள். பாதி வழியில் புதுத் தோல்பொருட்களின் வாசனை அடித்தது. இருபுறமும் முகங்கள் இருந்த இடத்தில் விளக்கேற்றிய கடைகள் தெரிந்தன. "இஞ்ச பாரும், அந்தத் தொப்பி எவ்வளவு வடிவாக் கிடக்கு" என்று கேதீஸ் நின்றுவிட்டான். "நில்லாதேங்கோ, வாங்கோ!" என்று தர்மினி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை நழுவியது. மறுமுனையில் தனியாக வந்து விழுந்தவள் திரும்பிப் பார்த்தாள். உயர்ந்த கைகளுக்குக் கீழே மண்டபத்தின் வெறும் மரத்தரைதான் இருந்தது. இசை நின்றது. எல்லோரும் கைகளை இறக்கப் போனார்கள். "இறக்காதீர்கள்!" என்று நடன ஆசிரியை மோராக் கத்தினாள். "அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்." யாரும் அசையவில்லை. நேரம் போகப் போக, வரிசையில் நின்ற ஒரு கிழவரின் கைகள் நடுங்கத் தொடங்கின. தர்மினி ஓடிப்போய் அவருடைய முழங்கைகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "கேதீஸ்!" என்று வெறுந்தரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். உள்ளே எங்கேயோ ஒரு கடைக்கதவின் மணி ஒலித்தது.