நான்காவது ஆல்பம்

ஒரு குரலின் விலை இரண்டு வெள்ளி. பேரம் பேசினால் ஒன்றரைக்கும் படியும். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில், ஊதுபத்திக் கட்டுகளுக்குப் பக்கத்துக் கூடையில் கிடக்கிறது ஆர்னால்டின் நான்காவது ஆல்பம். முதல் மூன்றிலும் மனைவி செரினாவும் சேர்ந்து பாடினாள், ஊரே வாங்கியது. தனியாகப் பாடினால் இன்னும் பெரிய ஆளாகலாம் என்று எவனோ ஏற்றிவிட, நான்காவதில் அவளைக் கழற்றிவிட்டான். ஆல்பம் படுத்தது, கச்சேரிகள் நின்றன, அவளும் போய்விட்டாள். ஒரு பிரதியாவது விற்றதா என்று பார்க்க வந்தவன் இப்போது சாமிப்பட அலமாரிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறான். கல்லாவில் அந்த ஆல்பத்தோடு நிற்பவள் செரினா.

“பழைய சரக்குக்கா, போட்டுக் கேட்டுக்குங்க. அப்புறம் சேஞ்ச் பண்ண முடியாது லா,” என்கிறான் கடைக்காரன்.

“போடுங்க தம்பி. இது ஒண்ணுதான் நான் கேட்டதே இல்ல.”

ஆர்னால்டின் குரல் ஒரு வரி பாடி நிற்கிறது. வெறும் தபேலா நடக்கிறது. பிறகு அடுத்த வரி.

“பாத்தீங்களா, நடுவுல நடுவுல ஓட்டை. அதான் யாரும் வாங்கல.”

மாலை வெயில் அவள் வளையலில் மின்னுகிறது. அடுத்த இடைவெளியில் அவள் உதடு அசைகிறது. மெல்லிய முணுமுணுப்பு அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

“ஓட்டை இல்ல தம்பி, நான் பாடுற இடம். பழக்கத்துல விட்டு வச்சிருக்காரு மனுஷன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல?”

ஆர்னால்ட் வாயைத் திறக்கிறான். அவள் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிடுகிறது. கதவு திறந்து தெரு இரைச்சல் உள்ளே வர, அவள் வெளியே போகிறாள். அவள் கொடுத்தது மூன்று ஆல்பம். அவன் கொடுக்க வேண்டியது ஒரு வார்த்தை. பாக்கி நிற்கிறது.