அஞ்சு நிமிஷம் நிறுத்திக்கட்டுமா?

பட்டுக்கடைகளுக்குப் பின்தெருவில், எந்தெந்த வாசலில் கார் நிறுத்தத் தடை போடலாம் என்று மாநகராட்சிப் பொறியாளர் ஜீவிதா வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல எங்க வாசல்ல போர்டு வைம்மா," என்றாள் லில்லி. "பொடவை எடுக்க வர்றவங்க பெல் அடிச்சு, அஞ்சு நிமிஷம் நிறுத்திக்கட்டுமான்னு கேக்குறாங்க. சாயந்தரம் வரைக்கும் நகர மாட்டேங்குறாங்க."

தெருவே அதைத்தான் சொன்னது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணாயிரம் மட்டும், "என் வாசல்ல போர்டு வேணாம்மா," என்றார்.

"உங்க வீட்டை மட்டும் விட்டா, எல்லாக் காரும் இங்கதான் வந்து நிக்கும், ஐயா."

"நிக்கட்டுமே."

"வாடகை வாங்குறாரோ என்னவோ," என்று லில்லி முணுமுணுத்தாள்.

தெரு முழுக்கப் போர்டு வந்தது.

ஒரு வாரம் கழித்து ஜீவிதா பார்வையிட வந்தபோது, தெரு துடைத்துவிட்டது போல் இருந்தது. கண்ணாயிரம் கேட்டுக்கு வெளியே நின்று, தன் வீட்டு பெல்லைத் தானே அழுத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள யாருங்க ஐயா இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. அவ போயி ஒரு வருஷம் ஆவுது."

மறுபடியும் அழுத்தினார்.

"ஒரு வாரமா பெல் அடிக்கவே இல்ல. ரிப்பேராயிடுச்சோன்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்குது."