தூளிப் பாட்டு

"தூங்குற பிள்ளையை விட்டுட்டுப் போனவளுக்கு என்ன பேரு வைக்கிறது? நீங்களே சொல்லுங்க!"

வானொலியில் யாமிலே கேட்டாள். மக்தலேனா ஆற்றங்கரையில் எங்கள் ஊரே மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் ஒரு பாட்டைப் போட்டு, அதை வரிவரியாகப் பிரித்துப் பேசுவது யாமிலேயின் வேலை.

இன்றைய பாட்டில் ஒரு தாய் பிள்ளையைத் தூளியில் போடுகிறாள். ஒரே ஒரு தடவை ஆட்டிவிடுகிறாள். தூளி நிற்பதற்குள் அவள் ஏறிய படகு பனிமூட்டத்தில் கரைந்துவிடுகிறது. அக்கார்டியன் இசை மட்டும் ஆற்றோடு அழுதுகொண்டே போகிறது.

யாமிலேயின் கதையும் அதுதான். அவளைப் பெற்ற நெல்சி, வெனிசுவேலாவுக்குப் பிழைக்கப் போனவள், இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் திரும்பியிருந்தாள். அக்கரையில் தன் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, "வந்து பார்க்கலாமா?" என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தாள். யாமிலே இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஊர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது.

தொலைபேசி அடித்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா, பொண்ணு?"

பொத்திய குரல். எங்கள் ஊரில் வானொலிக்குப் பேசுகிறவர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி குரலைக் கண்டுபிடித்துத் தெருவெல்லாம் தண்டோரா போட்டுவிடுவாள்.

"சொல்லுங்க."

"போறவ எதுக்குத் தூளியை ஆட்டிவிட்டா? வேணாம்னு போறவ ஆட்டுவாளா?"

"பிள்ளை அழுதா ஊர் பிடிச்சுக்குமேன்னு ஆட்டியிருப்பா!"

"அழுதா போக மனசு வராதுன்னும் இருக்கலாமே, பொண்ணு."

யாமிலேக்கு யாரோ தன்னையே மெல்ல ஆட்டிவிடுவதுபோல் இருந்தது. கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போலிருந்தது. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"இந்தப் பாட்டுல வர்ற தாய்க்கு இவ்வளவு வக்காலத்து வேற யாரும் வாங்க மாட்டாங்க. அக்கரையிலேருந்துதானே பேசுறீங்க? அந்த நெல்சி நீங்கதானே?"

தொலைபேசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படின்னா கேட்டுக்குங்க. எனக்கு அம்மாவா இருந்தது, அப்பா ரெண்டாவதாக் கட்டின எடில்மா சித்தி. காய்ச்சல்ல கிடந்தப்ப மடியில போட்டுக்கிட்டது அவங்க. அப்பா செத்தப்புறமும் என்னை விட்டுட்டுப் போகாதது அவங்க. இப்ப உங்களை வீட்டுக்குள்ள விட்டா சித்திக்கு நெஞ்சு வெடிச்சிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். நீங்க வராதீங்க!"

'அப்படிப் போடு!' என்று ஊர் தொடையைத் தட்டியிருக்கும். யாமிலேயோ மைக்கை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, துணி பொத்தாமல், அவள் தினமும் வீட்டில் கேட்கிற குரல்.

"எனக்கு நெஞ்சு அவ்வளவு சுலபமா வெடிக்காது, கண்ணு. தேங்காய்ச் சோறும் மீனும் மூணு பேருக்கு ஆக்கி வச்சிருக்கேன். படகைப் பிடிச்சுப் போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வா."