ஆழமில்லாத வாய்க்கால்

கழியை ஓங்கித் தண்ணீரில் அடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாள்!

பழக்கதோஷம். குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்தால் அப்படி ஒரு அடி அடித்தாக வேண்டும். சேற்றில் பதுங்கிக் கிடக்கும், வாலில் விஷமுள் உள்ள திருக்கை மீன்கள் விலகிப் போகும். அப்புறம்தான் பெண்கள் கரையோரம் இறங்கிக் கையால் இறால் தடவுவார்கள்.

இன்று இறங்க யாருமில்லை. படகில் இருந்தது அவளும், சுற்றுலாத் திட்டம் போட வந்த அதிகாரியும்தான். இந்த அலையாத்திக் காட்டில் எந்த வழியாகப் படகு விடலாம் என்று அவர் இன்றே முடிவு செய்ய வேண்டும். பிடித்துப்போனால் படகு தள்ளும் வேலை அவளுடைய மகளிர் குழுவுக்கு. சேற்றில் கை கிழிபடும் பிழைப்பு அத்தோடு ஒழியும்.

காலையிலிருந்து காட்டிய வாய்க்காலெல்லாம் மரமும் தண்ணீரும்தான். அவர் கொட்டாவி விட்டார். வேறு வழி தெரியாமல்தான் இங்கே திருப்பினாள். பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் இது.

அடித்த சத்தம் இன்னும் அடங்கவில்லை.

காடே எழுந்தது.

கொக்கு, நாரை, நீர்க்காகம், இன்னும் பெயர் தெரியாதவை எல்லாம் ஒரே மூச்சில் மேலே போயின. வெயில் மறைந்தது. முகத்தில் இறக்கைக் காற்று பட்டது.

இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. உடம்பு சிலிர்த்தது, கண்ணில் நீர் முட்டியது.

அவர் தன்னை அறியாமல் கைகூப்பியிருந்தார்.

“இது போதும்மா. வர்ற ஒவ்வொரு படகுக்கும் இதே மாதிரி ஒரு அடி அடிச்சிடுங்க.”

குழு பிழைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அண்ணாந்தே இருந்ததில் கழுத்து வலித்தது. பார்வையை இறக்கினாள்.

கூடுகளில் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. அவற்றை மூடிக் காக்க ஒரு தாயிறக்கை இல்லை. ஒரு பருந்து அவசரமே இல்லாமல் வந்தது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

ஒவ்வொரு படகுக்கும்.

“இதுல படகு விட முடியாது சார்,” என்றாள். “தண்ணி பத்தாது. தரை தட்டும்.”

படகைத் திருப்பக் கழியை இறக்கினாள். கழி மொத்தமும் உள்ளே போய், அவள் முழங்கை வரை நனைந்த பிறகுதான் தரை கிடைத்தது.

அவர் அந்த முழங்கையைப் பார்த்தார். கூடுகளைப் பார்த்தார். பருந்து திரும்ப வந்துகொண்டிருந்தது.

“ஆமாம்மா,” என்றார். “ஆழமே இல்ல.”