கறுப்புத் தொட்டி

"அப்பா, கறுப்புத் தொட்டி முக்கால்வாசி ரொம்பியிருக்கு. செகப்பு வெளக்கு எரியுது!"

ஒன்பது வயது கோல்ட்டன், சமையல் மேடைக்கு மேலிருந்த, தொட்டி அளவு காட்டும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு கத்தினான்.

வண்டிக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரை மட்டும் இறக்கிவிட்டு ஏரிப் பக்கம் போவதாகத் திட்டம். அதற்காகத்தான் கழிவு இறக்கும் இடத்தில் வரிசையில் நின்றார்கள். இப்போதுதான் முறை வந்திருந்தது.

"அது சாம்பல் தொட்டியா இருக்கும்டா. பாத்திரம் கழுவுன தண்ணி" என்றாள் அம்மா ஜோலீன்.

"இல்லம்மா, சாம்பலுக்குப் பக்கத்துல வேற வெளக்கு இருக்கு. இது கக்கூஸ் தொட்டி."

அப்பா வாரன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்தார். அயோவாவில் கிளம்பும்போதே அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். வீடு மாதிரியான இந்த ஆர்.வி. வண்டியில் கழிப்பறை உண்டு; ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும். அவசரம் என்றால் முகாமின் பொதுக் கழிப்பறைக்கு நடந்துதான் போக வேண்டும். மீறியவர் தொட்டியைத் தன் கையாலேயே காலி செய்ய வேண்டும். போன கோடையில் குழாய் கழன்று, முழங்கை வரை அனுபவித்த மனிதர் அவர். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

சட்டத்தைக் காப்பாற்றுவது லேசாக இல்லை. ஜூன் மாதத்திலும் விடிகாலையில் புல்மேல் உறைபனி. நேற்று பொதுக் கழிப்பறை வாசலிலேயே ஒரு காட்டெருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து வயது டெஸா, கையில் பேப்பர் உருளையோடு முக்கால் மணி நேரம் ஒரு பைன் மரத்தடியில் நின்றாள். எருமைக்கு எந்த அவசரமும் இல்லை.

"யாரு?" என்றார் வாரன்.

மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"இப்போ ஒத்துக்கிட்டா தொட்டியோட போச்சு. இல்லேன்னா ஏரி கெடையாது, மீன் கெடையாது. வண்டி நேரா அயோவாதான்."

"அப்பா! படகுக்குச் சொல்லி வச்சிருக்கோமே!" கோல்ட்டனுக்கு அழுகை முட்டியது. ஆறு மாதமாக வீட்டுப் பின்புறத்தில் தூண்டில் வீசிப் பழகி, இரண்டு முறை அம்மாவின் தலைமுடியையே பிடித்தவன் அவன்.

"வாரன், பின்னால ஆறு வண்டி நிக்குது. அடுத்த வண்டி ஐடஹோக்காரர் மடக்கு நாற்காலி போட்டு உக்காந்தே பாக்குறார். பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கக் கூடாதா?"

"பாக்கட்டும். நியாயம் தெரியாம வண்டி நகராது."

ஜோலீன் மகனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நான்தான். முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியல. போதுமா?"

டெஸா சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மாவ மட்டும் சொல்லாதீங்க. நானும்தான். அந்த எருமை நவுரவே இல்ல, நான் என்ன பண்றது?"

கோல்ட்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "நானும். ரெண்டு தடவ. இல்ல, மூணு."

வாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா இப்படித் தைரியமா ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது பெரிய விஷயம். எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. ஏரிக்குப் போறோம்!"

பிறகு மூன்று ஜோடி ரப்பர் கையுறைகளை எடுத்து நீட்டினார். "ஆனா சட்டம் சட்டம்தான். நீங்க முடிச்சிட்டு வாங்க. நான் உள்ள உக்காந்து ஏரிக்கு வழி பாத்து வைக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஜோலீன் குழாயின் முனையைத் தரைத் துவாரத்தில் செருகிப் பிடித்துக்கொண்டாள். டெஸா மூக்கைச் சட்டைக்குள் புதைத்தபடி தொட்டியைத் திறக்கும் பிடியை இழுத்தாள். குழாய் துள்ளாமலிருக்கக் கோல்ட்டன் அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"கெட்டியாப் புடிங்க, கெட்டியா!" என்று நாற்காலியிலிருந்து ஐடஹோக்காரர் உற்சாகப்படுத்தினார்.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. ஜோலீன் குனிந்து மகனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏன்டா கண்ணு, இருட்டுல போகப் பயமா இருந்தா என்னை எழுப்பியிருக்கலாமே? உன்னைக் காப்பாத்தத்தான் பழிய நான் ஏத்துக்கிட்டேன்."

"நான் போகவே இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் தனியா மாட்டிக்கிட்டீங்களேன்னு சும்மா சொன்னேன்."

"அப்போ நீயாடி?"

"சத்தியமா இல்லம்மா. உன் முட்டி பாவம்னுதான் சொன்னேன்."

"என் முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது வண்டிக்குள், கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது; கோல்ட்டன் உட்கார்ந்திருந்த குழாய் மறுபடியும் ஒரு துள்ளுத் துள்ளியது.